மிதி படாத தாள்

அந்த அறையின் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கீழே துணி உலர்த்தும் கூடம். சாயம் ஏற்றிய துணிகள் அங்கே பெரிய உருளைகளில் சுற்றிச் சுற்றிக் காய்ந்துகொண்டே இருக்கும். அதன் ஆவி பலகை இடுக்குகள் வழியாக மேலே வரும். காலையில் கதவைத் திறந்தால் அறை இன்னும் கண் விழிக்காதது போல் தெரியும். மேஜைகள் மிதக்கும். ஜன்னல் எங்கோ தூரத்தில் நிற்கும். நாலு அடி உள்ளே வைத்த பிறகுதான் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்து சேரும்.

படுக்கை விரிப்புகளுக்குப் படம் வரைகிற அறை அது. வரைகிறவர்கள் நான்கு பேர். அறைக்குப் பொறுப்பானவரை எல்லோரும் அண்ணன் என்பார்கள். மேலாளர் திட்டும்போதுகூட அண்ணே என்று கூப்பிட்டுவிட்டுத்தான் திட்டுவார். இரண்டாமவர் மாப்பிள்ளை. ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர். ஆனால் தினமும் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி மடிப்புக் கலையாத சட்டையும் சென்ட்டுமாக வருவார். அவர் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது கத்தரி. அவள் கையில் கத்தரிக்கோல் இருந்து யாரும் பார்த்ததில்லை. பெயர் நாக்குக்காக வைத்தது. நான்காவது அவன். விரிப்பு வரைகிறவன் தூக்கத்தை முகத்திலேயே விரித்து வைத்திருக்கிறான் என்று சொல்லிக் கத்தரி அவனுக்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு மிதி என்று பெயர். படத்தை விரிப்பின் அளவுக்கே பெரிய தாளில் வரைவார்கள். முடித்ததும் தரையில் விரிப்பார்கள். வரைந்தவர் ஜன்னல் ஓரமாகப் போய் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. மற்ற மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாளின் மேல் நடப்பார்கள். நடந்துகொண்டே பேசுவார்கள். இது என்ன, பூவா, வண்டி ஏறிய தவளையா? இந்தக் கொடி இவ்வளவு அவசரமாக எங்கே போகிறது, வேலைக்கா? இந்த மூலையில் தலை வைக்கிறவன் காலையில் எழுந்திருக்கவே மாட்டான். வாய் கூசாமல் பேசுவார்கள். ஜன்னல் ஓரம் நிற்பவருக்குக் காது மடல் சிவக்கும். எந்த இடம் உறுத்துகிறதோ அங்கே நின்று நின்று பேசுவதால் அங்கே கால்தடம் அதிகம் விழும். பென்சில் கரி கலைந்து அந்த இடம் மேகம் போல ஆகிவிடும். வரைந்தவர் மனசுக்குள் மூன்று பேரையும் திட்டிக்கொண்டே அந்த மேகத்துக்குள் மறுபடி வரைவார். ஏனென்று யாருக்கும் தெரியாது, நல்லது எதுவும் அந்த மேகத்திலிருந்துதான் வரும்.

அவன் மனைவி பேருந்து ஓட்டினாள். அவள் வண்டி போகிற வழி அந்தக் கட்டடத்தை ஒட்டித்தான். பிற்பகலில் ஜன்னலுக்குக் கீழே வரும்போது ஹாரனை இரண்டு தட்டுத் தட்டுவாள். வண்டிக்குள் இருப்பவர்கள் ஏதோ நாய் குறுக்கே வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். மேலே அண்ணன் பென்சிலைக் கீழே வைப்பார். "தங்கச்சி கூப்பிட்டாச்சு, டீ" என்பார். கத்தரி மாலையில் வீட்டுக்குப் போவது அந்த வண்டியில்தான். ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவனைப் பற்றி இருவரும் பேசிச் சிரிப்பார்களாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் இருவருமே சொல்ல மாட்டார்கள்.

அவன் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குள் அவள் நடந்துதான் போனாள், திரும்பி வரவில்லை. அவ்வளவுதான்.

அவன் வேலைக்குத் திரும்பிய காலையில் மூவரும் எழுந்து நின்றார்கள். அந்த அறையில் யாரும் யாருக்காகவும் எழுந்ததில்லை. மாப்பிள்ளை "வாங்க" என்றார். அவன் சேர்ந்த நாளிலிருந்து டேய் என்று கூப்பிட்டவர். கத்தரி ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிப் பேசத் தெரியும், இல்லாவிட்டால் சும்மா இருக்கத் தெரியும். நடுவில் ஒன்று அவளுக்குத் தெரியாது.

முதல் படத்தை அவன் வரைந்து முடித்துத் தரையில் விரித்தான். ஜன்னல் ஓரம் போய் நின்றான். காத்திருந்தான். மூவரும் குளத்தங்கரையில் நிற்பவர்கள் போலத் தாளின் ஓரத்தில் நின்றார்கள். யாரும் செருப்பைக் கழற்றவில்லை. கடைசியில் அண்ணன் "நல்லா இருக்கு தம்பி" என்றார். குனிந்து தாளை இரண்டு கையாலும் ஏந்தி, தூங்குகிற குழந்தையைக் கொண்டுபோவது போல மேஜைக்குக் கொண்டுபோனார்.

அடுத்தது மாப்பிள்ளையின் படம். அவன் தாளை மிதிக்காமல் விட்டுவிட்டு இன்னொருவர் தாளை மட்டும் எப்படி மிதிப்பது? அது நன்றாக இருக்காது. அதையும் மேஜையில் வைத்துப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு கத்தரியுடையதும் நன்றாக இருந்தது. மிதி நின்றுபோனது. நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை; அதனால் மறுபடி தொடங்கலாம் என்று சொல்லவும் யாருக்கும் இடம் இல்லாமல் போனது.

நிறமும் மெல்லப் போனது. மாப்பிள்ளைக்கு ஆரஞ்சுப் பைத்தியம். எந்தப் படமானாலும் ஒரு மூலையிலாவது ஆரஞ்சைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார். அவர் இப்போது சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தார். மனைவியை இழந்தவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது ஆரஞ்சைக் குழைப்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது. கத்தரி ஒருநாள் ஏதோ நினைத்துச் சிரித்துவிட்டு, திருடியவள் போலச் சுற்றுமுற்றும் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவன் எப்போதும் வரைகிற பறவைகளைச் சாம்பலில் வரைந்தான். மற்றவர்களும் பறவைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அவனைவிட மகிழ்ச்சியான எதையும் வரைவது அந்த அறையில் மரியாதை இல்லை என்று ஆகிவிட்டது.

டீயும் போனது. ஹாரன் இல்லாமல் டீ நேரம் என்று யார் சொல்வது? அவரவர் இடத்தில் அவரவர் கோப்பை ஆறியது.

வீட்டிலும் அப்படித்தான். மாடியில் அவன் அக்கா குடியிருந்தாள். சின்ன வயதிலிருந்து அவனைத் திட்டுவதையே ஒரு வேலையாகச் செய்தவள். ஒருநாள் அவன் உருளைக்கிழங்கு வறுத்தான். உப்பை ஒரு தடவை போட்டோமா, இரண்டு தடவையா என்று நினைவில்லாமல் மூன்றாவது தடவையும் போட்டான். அக்கா வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சாப்பிட்டாள். நடுவில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"நல்லா இருக்குடா" என்றாள், கண்ணில் நீர் முட்ட. உப்பினாலா, அவனாலா என்று தெரியவில்லை.

அவனுக்கு எதுவும் வலிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு தொடுவது போல இருந்தது. மனிதர்கள் பேசினார்கள், அவன் விரல் படும் இடமெல்லாம் மெத்தென்று உள்வாங்கிக்கொண்டார்கள். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். யாராவது ஒருவர் அவனிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். இது சரியில்லை, நீ செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அப்போதுதான் காலுக்குக் கீழே தரை இருக்கிறது என்று தெரியும்.

பிற்பகலில் மேஜையிலேயே கண் செருகும். கனவு வரும். அறை முழுக்கத் தாள் விரித்திருக்கும், சுவர்கள் இருக்காது. அவன் மனைவி வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பாள். பறவைகள் இருக்கும் பக்கம் வர மாட்டாள். வெள்ளையாக இருக்கும் பக்கத்திலேயே நடப்பாள். வெயில் பட்ட உப்பளம் போல அந்த வெள்ளை நீண்டுகொண்டே போகும். அவள் முகத்தில் கோபம் இல்லை, எதையோ தேடுகிற முகம். அவன் கூப்பிடுவான். ஜன்னல் ஓரம் நிற்கிறவன் வாய் திறக்கக் கூடாது என்று யாரோ சொல்வார்கள். விழிப்பான். கன்னத்தில் பென்சில் கரி ஒட்டியிருக்கும். யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். அதோடு வீட்டுக்குப் போவான்.

ஒருநாள் வேண்டுமென்றே ஒரு பறவையைத் தலையில்லாமல் வரைந்தான். கழுத்து வரை ஒழுங்காக வரைந்து அங்கே நிறுத்திவிட்டான். தாளின் நட்டநடுவில். அண்ணன் மேஜை மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் கண் அந்தக் கழுத்தில் போய் நின்றதை அவன் பார்த்தான்.

"நல்லா வந்திருக்கு தம்பி" என்றார்.

அந்தப் படம் அச்சாகி வந்தபோது பறவைக்குத் தலை இருந்தது. அழகான தலை, லேசாகச் சாய்ந்த தலை. அவன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். விரிப்பு முழுக்கப் பறவைகள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. இவ்வளவையும் வரைந்தோமா? வரைந்திருப்போம். இப்போதெல்லாம் எதைச் செய்தோம், எதை நினைத்தோம் என்று அவனுக்குப் பிரித்துத் தெரிவதில்லை. தலையையும் நானே வரைந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டான். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அப்புறம் மேலாளர் மாடியேறி வந்தார். வழக்கமாக விரிப்பு எடுக்கிற வியாபாரி புது மாதிரிகளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம். நாலு பேர் வரைந்தது என்கிறீர்கள், எல்லாம் ஒரே கை போட்ட மாதிரி இருக்கிறதே, அந்தக் கைக்கும் உடம்பு சரியில்லை போலிருக்கிறதே என்றாராம். அடுத்துப் போகிற மாதிரியும் இப்படியே இருந்தால் அறையை மூடிவிட்டு வெளியிலிருந்து படம் வாங்கிக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். இதைச் சொல்லும்போது மேலாளர் அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சுவரிடமே சொல்லிவிட்டுப் போனார்.

நால்வரும் உட்கார்ந்தார்கள். எதை அனுப்புவது? மாப்பிள்ளை, அவன் படமே போகட்டும் என்றார். கத்தரி தலையை ஆட்டினாள். அண்ணன், அதுதான் சரி என்றார். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. முன்பு இதற்கு ஒரு வாரம் அடித்துக்கொள்வார்கள். அவன் எல்லோர் முகத்தையும் பார்த்தான். அறை மூடப்போகிறது, இவர்கள் தனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே அதை மூடப்போகிறார்கள் என்று புரிந்தது. இந்த அறையும் போய்விட்டால் தனக்கு அந்த வீடும் அந்த மேஜைக் கனவும்தான் மிச்சம் என்பதும் புரிந்தது. எழுந்து போய் வரைய ஆரம்பித்தான்.

வரைந்து முடித்த நாளில் சாயம் பார்ப்பதற்காகக் கீழே போனான். சாயக்காரருக்காக வெகுநேரம் காத்திருந்த பிறகுதான் மூக்குக் கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டது நினைவு வந்தது. திரும்பி ஏறினான். மரப்படியில் ஆவி படர்ந்திருந்தது. மேலிருந்து குரல்கள் வந்தன. அவன் நின்றான்.

"இது வாலா, துடைப்பமா? கொஞ்சம் தூக்குங்க." கத்தரியின் குரல்.

"அவன் போடுற வால் தொங்கிக்கிட்டுத்தான் இருக்கும்." மாப்பிள்ளை.

"தொங்குறதைத் தொங்குற மாதிரியே போடறதுக்கு நாம எதுக்கு? ஒரு கயிறு போதுமே."

"சத்தம் போடாதீங்க" என்றார் அண்ணன். "அவன் மாதிரியே போடுங்க. அவனுக்குத் தெரியக் கூடாது."

"அண்ணே, ஒரே ஒரு மூக்கு. ஒரே ஒரு பறவைக்கு ஆரஞ்சு மூக்கு வச்சுக்கிறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்க மூக்குல வச்சுக்கங்க" என்றாள் கத்தரி. அண்ணன் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார்.

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பவன் போல முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டான். எத்தனை நாளாயிற்று இந்தச் சத்தம் கேட்டு. இவர்கள் ஊமையாகிவிடவில்லை. அவன் இல்லாத இடத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. சண்டை, கிண்டல், ஆரஞ்சு. அவன் உள்ளே வந்தால் அணைத்துவிடுகிறார்கள். அப்படியே கீழே போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. விளக்கு எரியட்டும். பிறகு எழுந்து மேலே போனான்.

தாள் தரையில் இருந்தது. அண்ணனும் கத்தரியும் அதன் ஓரத்தில் மண்டியிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை மடிப்புக் கலைந்த சட்டையோடு வயிறு பதியப் படுத்திருந்தார். அவனைக் கண்டதும் அண்ணன் பென்சிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். யார் முகத்திலும் ஈயாடவில்லை.

அவன் அவர்களைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தான். மேஜையில் வைத்து வரைகிறவனுக்குப் படம் துண்டு துண்டாகத்தான் தெரியும். மேலே நின்று முழுசாகப் பார்ப்பதற்குத்தான் தரை. திரும்பி வந்தபின் அவன் தன் படத்தை ஒருமுறைகூட இப்படி நின்று பார்க்கவில்லை; முதல் தாளை விரித்தபோதும் கண் அவர்கள் செருப்புகளில்தான் இருந்தது. வலது பக்கம் பறவைகள் ஒன்றின் மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. இடது பக்கம் வெள்ளை. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வெறும் வெள்ளை. அதன் ஓரத்தில் மட்டும் புதிதாக மூன்று பறவைகள், அவன் பறவைகளைப் போலவே வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"இப்படியா வரைஞ்சேன்?" என்றான்.

அண்ணன் முதுகுக்குப் பின்னாலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

"எல்லாத்துலயும் இப்படித்தானா?"

மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். "நீங்க திரும்பி வந்ததுல இருந்து" என்றார்.

"கொஞ்சம் விட்டுப்போயிருந்துச்சு தம்பி" என்றார் அண்ணன். "அசதியில விட்டுப்போறதுதான். நாங்க சும்மா நிரப்பினோம்."

"ஏன் சொல்லல?"

"அதை எப்படிப்பா சொல்றது?"

உண்மையிலேயே கேட்டார். எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை மாதமாக மூன்று பேரும் தங்கள் கையை மறந்து அவன் கையைப் பழகியிருக்கிறார்கள். தலையில்லாத பறவைக்குத் தலை வைத்திருக்கிறார்கள். அன்பாகத்தான். அந்த அன்பில் அறையே மூழ்கிக்கொண்டிருந்தது.

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். தாளின் மேல் கால் வைத்தான். கீழே உருளைகளின் சூடு தாள் வழியாக உள்ளங்காலுக்கு ஏறியது. தன் பறவைகளின் மேல் நடந்தான். அண்ணன் தடுக்கிறவர் போலக் கையை நீட்டி, பாதியில் விட்டுவிட்டார். அவன் ஜன்னல் ஓரம் போய் நின்றான்.

"மிதிங்க" என்றான்.

உருளைகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. தூரத்துக் கடல் மாதிரி. மாப்பிள்ளை அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். "வேண்டாம் தம்பி, இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார். அவன் அசையவில்லை. அறை மறுபடி தூரமாகிக்கொண்டே போவது போல இருந்தது. மேஜைகள் மிதக்க ஆரம்பித்தன.

கத்தரி செருப்பைக் கழற்றினாள்.

ஓரத்திலிருந்து ஒவ்வோர் அடியாக வைத்தாள். வலது பக்கம் நிற்கவேயில்லை. நேராக வெள்ளைக்குப் போனாள். அதன் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். குரல் வரும்போது பழைய குரலாகத்தான் வந்தது.

"இது பாதி விரிப்பு. ரெண்டு பேர் படுக்கிற விரிப்புல ஒருத்தருக்குத்தான் பறவையா? இன்னொருத்தர் என்ன, வெறுந்தரையில படுக்கணுமா, தூங்குமூஞ்சி?"

ஜன்னல் ஓரம் நிற்பவர் வாய் திறக்கக் கூடாது. அவன் திறந்தான்.

"அது அவ பக்கம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. கம்பளிக் கையுறையை யாரோ பிடித்து இழுத்துக் கழற்றியது போல இருந்தது. வலித்தது. நெஞ்சில், கையில், காது மடலில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வதுதான் முறை. யாராவது ஒருவர் தோளைத் தொடுவார், இன்னொருவர் தாளைச் சுருட்டுவார். அண்ணன் ஓர் அடி முன்னால் வந்தும் விட்டார். கத்தரி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"அவ பக்கம்னா அவளுக்குப் பிடிச்சதைப் போடணும்" என்றாள். "தினமும் அவ முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டுப் போனவ நான். அவளுக்கா சாம்பல் பறவை பிடிக்கும்? அப்பவே நீ வரையிற பறவையைப் பாத்தா மழையில நனைஞ்ச கோழி ஞாபகம் வருதுன்னு சிரிப்பா. அதான் நாங்க பேசிச் சிரிச்சது. நீ கேட்டியே."

அவனுக்குக் கோபம் வந்தது. கோழியா? அந்தக் கோபம் எங்கிருந்தோ தூரத்திலிருந்து ஓடி வந்து மூச்சிரைக்க அவனிடம் சேர்ந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து கண்ணில் நீராக இறங்கியது. அதை யாரும் பார்க்காதது போல் இருக்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை எழுந்து காலுறையைக் கழற்றினார். தாளில் ஏறி வெள்ளைக்கு வந்தார். குனிந்து, அவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, ஒரு பேருந்தை வரைந்தார். பெரிய பேருந்து. அதற்குள் ஆரஞ்சைக் கொட்டினார்.

"அவ வண்டி ஆரஞ்சு இல்ல" என்றான் அவன்.

"இது அவ வண்டி இல்லடா, என் வண்டி" என்றார் மாப்பிள்ளை. "ஜன்னல்கிட்ட நிக்கிறவன் வாயை மூடு."

டா என்றுவிட்டார். சொன்னவரே ஒரு கணம் திகைத்துப்போனார். அப்புறம் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அன்று மாலை வரை ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு டா இருந்தது.

அண்ணன் கடைசியாகச் செருப்பைக் கழற்றினார். பேருந்தின் மேல் நின்று, பேருந்துக்குள் யார் தூங்குவார்கள், சக்கரம் காதுக்குள் ஓடுமே என்றார். கத்தரி, அதை அழித்தால்தான் விடுவேன் என்றாள். மாப்பிள்ளை அழிக்க விடமாட்டேன் என்று அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவன் ஜன்னலை விட்டு வந்து, இது அசிங்கமாக இருக்கிறது என்றான். நீ மட்டும் ஒழுங்கா, வலது பக்கத்தைப் பார், ரேஷன் வரிசை மாதிரி என்றாள் கத்தரி. அவனும் அவன் பறவைகளும் நல்ல மிதி வாங்கினார்கள். இவ்வளவு கூச்சல் கேட்டுக் கீழே உருளைக்காரர்கள் யாரோ உத்தரத்தில் கம்பால் தட்டினார்கள்.

அத்தனை பேர் மிதித்ததில் பேருந்து கலைந்துபோனது. சக்கரம் போய், கூரை போய், ஆரஞ்சு மட்டும் ஒரு நீண்ட தடமாகத் தேய்ந்து நின்றது. தலைமாட்டில் தொடங்கி வளைந்து வலது பக்கம் போய் அவன் பறவைகளின் வரிசையை இரண்டாக அறுத்தது. நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையின் சட்டை முழுக்கக் கரி.

"ஹாரன் அடிச்ச மாதிரி இருக்கு" என்றான் அவன்.

உட்கார்ந்து வரையத் தொடங்கினான். தடத்துக்குப் பக்கத்தில் இருந்த பறவைகள் திடுக்கிட்டுக் கிளம்பின. வால்கள் நிமிர்ந்தன. கத்தரி அந்தப் பக்கத்திலிருந்து வரைந்தாள். அவள் பறவைகள் மூக்கு நீண்டு, கழுத்து வெட்டி, அவளைப் போலவே இருந்தன. அண்ணனின் பறவைகள் ஒதுங்கி வழி விட்டன. எதுவும் எதைப் போலவும் இல்லை. ஒருமுறை எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஜன்னலுக்குக் கீழே ஏதோ பேருந்து ஹாரன் அடிக்காமல் போனது. கத்தரி பென்சிலைக் காதில் செருகினாள்.

"டீ" என்றாள்.

வியாபாரி அந்த மாதிரியை வெகுநேரம் பார்த்தார். சண்டை போட்டுக்கொண்டே வரைந்தீர்களா என்று கேட்டார். எடுத்துக்கொண்டார். ஆரஞ்சை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். அறை தப்பித்தது என்று மேலாளர் வந்து சொன்னபோது மற்ற மூவரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் அந்த வியாபாரியோடு இனிமேல் பேச்சுவார்த்தை இல்லை என்றார்.

குறைப்பதற்கு முன் அச்சிட்ட துணி ஒன்றை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை பகலில் கட்டிலில் விரித்தான். அக்கா சாப்பாட்டுத் தட்டோடு இறங்கி வந்து பார்த்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்குடா என்றாள். அவன் அவளையே பார்த்தான். உண்மையைச் சொல்லு என்றான். அவள் தட்டைக் கீழே வைத்தாள். யோசித்தாள். இதன் மேல் படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும், ரோட்டில் படுத்த மாதிரி இருக்கும் என்றாள். அப்புறம் அன்றைக்கு உருளைக்கிழங்கில் கொட்டியிருந்த உப்பைப் பற்றியும் சொன்னாள். சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்த வெகுநேரம் ஆயிற்று.

அவள் மேலே போன பின் அவன் படுத்தான், தன் பக்கத்தில். ஜன்னல் வெயில் துணியில் விழுந்து ஆரஞ்சு மெல்ல அறை முழுக்கப் பரவியது. கண் செருகியது. சுவர்கள் விலகின. மனைவி வெறுங்காலோடு வந்தாள். வெள்ளை இருந்த இடத்தில் கால் வைத்து, சட்டென்று நின்றாள். குனிந்து பார்த்தாள்.

"யார் போட்டது இது? கண்ணு கூசுது."

"மாப்பிள்ளை" என்றான். இந்த முறை வாய் திறந்தது, குரல் வந்தது.

"அதானே பாத்தேன்" என்றாள். கொஞ்ச தூரம் அதன் மேலேயே நடந்து பார்த்தாள். ஓர் இடத்தில் நின்று, இங்கே சரியில்லை என்பது போலக் காலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.